மொட்டை வயலுக்கு மானியம்

சென்னையில் என் வீட்டு மாடியில் துணி காயப்போடும் நைலான் கயிறு ஒரு காலத்தில் வயலில் கிடந்தது. சாணுக்கு ஒன்றாக அதில் சிவப்புத் துணித் துண்டுகள் கட்டியிருக்கும். எல்லாம் என் சித்தியின் பழைய சேலைக் கரை. வெளுத்து வெளுத்து இப்போது ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டன. யாராவது கேட்டால் மானியக் கயிறு என்பேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சித்தப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்து அனுப்பிய பணத்தில், குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் சித்தி பெயருக்கு ஒரு ஏக்கர் வாங்கினார்கள். காலங்காலமாக அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. பட்டாவில் இருந்த தன் பெயரைச் சித்தி தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினாள். சித்தப்பாவுக்கோ பயம், தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்று. குத்தகைக்கு விடச் சொன்னார். போனிலேயே சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒற்றை நாற்று நடவுக்கு அரசாங்கம் மானியம் தருகிறது. அது கைக்கு வந்தால் சித்தியே தொடர்ந்து பயிர் வைக்கலாம், வராவிட்டால் அடுத்த போகம் குத்தகை.

குத்துக்கு நாலைந்தாக நெருக்கி நட்டே பழகிய பெண்களுக்கு, கயிற்றில் துணி இருக்கும் இடத்தில் ஒரே ஒரு பிஞ்சு நாற்றை வைக்க மனம் வரவில்லை. பாலிடெக்னிக் விடுமுறையில் வந்திருந்த நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். “இந்தப் பச்சப்புள்ளய ஒத்தையா வுட்டா பயந்துறாதா?” என்று கேட்டாள், பக்கத்து வீட்டு அக்கா. நட்டு முடித்த பிறகும் வயலில் சேறுதான் தெரிந்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. “மானியத்துக்கு ஆசப்பட்டு மண்ணுக்கு மொட்ட போட்டுட்டியேடி” என்று அதே அக்கா துக்கம் விசாரித்தாள். “முடி வளந்துரும், போங்கக்கா” என்று சித்தி சிரித்தாள். ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக வரப்பில் போய் நின்றாள்.

பார்வையிட வேண்டிய வேளாண்மை ஆபீசர் தாமதமாக, என் விடுமுறை முடியப்போகும் சமயத்தில்தான் வந்தார். அதற்குள் ஒவ்வொரு நாற்றும் கிளைத்து, இடைவெளியே தெரியாமல் வயல் மூடிக்கொண்டிருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார். “இது ஒத்த நாத்து இல்லம்மா. இவ்வளவு அடர்த்தியா இருக்கு. கொத்தா நட்டுட்டு மானியம் கேட்டா எப்படிம்மா எழுதுறது?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிலம் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன். சித்தியின் முகமோ மலர்ந்திருந்தது.

“சார், அத இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றவள், பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள். “அக்கா, எல்லாரும் ஓடியாங்க! என் வயலு ரொம்ப அடர்த்தியா இருக்காம், சார் சொல்றாரு!”

வந்தவர்களுக்கு விஷயம் தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது. “என்ன சார் இப்படிச் சொல்றீங்க?” என்று அந்த அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். “ஒண்ணு ஒண்ணா நட்டது நாங்க. மொட்ட மண்டையாட்டம் கெடந்துச்சு. நாங்கதான் வந்து எழவு கேட்டுட்டுப் போனோம்!”

ஆபீசர் வாய்விட்டுச் சிரித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, குத்துகளை விலக்கி விலக்கி, அடியில் ஒற்றை நாற்றுதானா என்று பார்த்தார். கரையேறி வந்து கையெழுத்துப் போட்டார். மானியம் வங்கிக்கு வந்த அன்று சித்தப்பாவிடம் சித்தி முதலில் சொன்னது பணத்தைப் பற்றி அல்ல. “ஆபீசரே நம்பலங்க!” என்றாள். குத்தகைப் பேச்சு அதோடு நின்றது. எனக்கு அவளை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அந்த ஏக்கரில் மிஷின் நடுகிறது. ஊர் திரும்பிவிட்ட சித்தப்பா சித்திக்குக் கூடமாட நிற்கிறார். கயிறு என்னிடம் வந்தது. போன மாதம் சித்தி வந்திருந்தபோது, ஆபீசுக்குப் போகும் அவசரத்தில் நான் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தேன். அவள் எல்லாவற்றையும் எடுத்து, இடம் விட்டு விட்டுப் போடத் தொடங்கினாள்.

“எட்ட எட்டப் போடுடி. நெருக்கிப் போட்டா எது வளரும்?”

“துணி வளராது சித்தி.”

“அன்னிக்கும் எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்க” என்றாள்.