கூடாரத்துக்கு ஏது கதவு

அந்தப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சரித்திர டீச்சர் எங்கே என்று கேட்டால் வாட்ச்மேனே கொஞ்சம் யோசிப்பார். கதவு டீச்சர் என்று கேளுங்கள், மாடி ஏறி இடது பக்கம் மூன்றாவது வகுப்பு என்று உடனே கையைக் காட்டிவிடுவார். இருபத்து நாலு வருஷமாக ஒட்டிக்கொண்ட பெயர். பட்டப்பெயர் வைப்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆள் கிடையாது. தலையில் முடி கொட்டிக்கொண்டே வந்த கணக்கு வாத்தியாருக்குக் 'கழித்தல்' என்று வைத்திருந்தார்கள். அதற்குக் கதவு எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் டீச்சர் பேச்சை மாற்றிவிடுவார், ஏனென்றால் அந்தக் கதவு ஒரு பொய்.

பொய் பிறந்த கதை இது. டீச்சர் வேலையில் சேர்ந்த புதிது. இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அதிகாரி கடைசி பெஞ்சில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடம், உலக மக்களின் வாழ்க்கை முறை. தூரதேசத்து மேய்ச்சல் நில மக்களைப் பற்றி டீச்சர் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது முதல் பெஞ்சில் இருந்த ஒரு வாயாடி எழுந்து, "டீச்சர், அவங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா என்ன செய்வாங்க?" என்று கேட்டது.

புத்தகத்தில் அது இல்லை. தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது தெரியாது என்று சொன்ன வாத்தியார் எந்த ஊரிலாவது உண்டா? அன்று காலையில்தான் டீச்சர் வீட்டில் தச்சர் வந்து, தண்ணீரில் ஊறி உப்பிப்போன பாத்ரூம் கதவைக் கழற்றிக் கூடத்தில் படுக்கப் போட்டிருந்தார். டீச்சரின் வீட்டுக்காரர் அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். அந்தக் காட்சி எங்கிருந்தோ வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது.

"வீட்டுக் கதவைக் கழட்டித் தரையில போட்டு, அதுமேல விருந்தாளிய உக்கார வைப்பாங்க. நீங்க இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுக்குக் கதவே கிடையாதுன்னு அர்த்தம்."

வகுப்பு வாயைப் பிளந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சொன்னதை எழுத்து பிசகாமல் எழுதிக்கொண்டார். டீச்சருக்கு வேலை நிரந்தரமானது. விஷயம் அதோடு முடிந்திருந்தால் எனக்கு இங்கே சொல்ல வேலை இல்லை. அந்த மனிதர் இரண்டு வருஷத்தில் பாடநூல் குழுவுக்குப் போய்விட்டார். அடுத்த பதிப்பில், பக்கம் நாற்பத்து மூன்றில், நீலக் கட்டம் கட்டி, 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்போடு கதவு வந்து நின்றது. பிறகு அது இரண்டு மார்க் கேள்வியானது, நோட்ஸில் ஏறியது, கோடிட்ட இடத்தை நிரப்பியது. பன்னாட்டுப் பண்பாட்டு நாள் என்று வருஷத்துக்கு ஒரு கூத்து நடக்கும், அதில் பிள்ளைகள் அட்டையில் கதவு செய்து எடுத்து வந்தார்கள். முதன்முதலில் இதைச் சொன்னவர் எங்கள் டீச்சர் என்று பள்ளிக்கூடமே மார் தட்டிக்கொண்டது.

டீச்சர் ஏன் சும்மா இருந்தார் என்று கேட்பீர்கள். பயம், வேறென்ன? முதல் வருஷம் வேலை போய்விடுமோ என்று பயம், பத்தாவது வருஷம் மானம் போய்விடுமோ என்று பயம். அதற்கப்புறம் பழகிவிட்டது. பல்லில் சிக்கிய நார் மாதிரி நாக்கு மட்டும் அவ்வப்போது போய்த் தொட்டுப் பார்க்கும். யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

நஷ்டம் யாருக்கு என்பது ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் இருக்கையில் தெரிந்தது. அரையாண்டுப் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தியின் தாள். வாயே திறக்காத பிள்ளை. அவள் அப்பா லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். கதவுக் கேள்விக்கு அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'பக்கம் 41-இல் இந்த மக்கள் கம்பளித் துணிக் கூடாரத்தில் வாழ்ந்தார்கள் என்று இருக்கிறது. எங்கள் அப்பா கூடாரமும் தைப்பார். கூடாரத்துக்குக் கதவு கிடையாது, துணியைத் தூக்கினால் வழி. அதனால் பக்கம் 43-இல் உள்ளது சரியாக இருக்க முடியாது.'

டீச்சருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். தான் சொன்னது பொய் என்று தெரியும். இவ்வளவு முட்டாள்தனமான பொய் என்று அவருக்கே தெரியாது! இரண்டே பக்கம் தள்ளிக் கூடாரம் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக வாத்தியார்கள், அதிகாரிகள், அச்சடித்தவர்கள், ஆயிரக்கணக்கான பிள்ளைகள், ஒருத்தர்கூடவா இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்கவில்லை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இங்கே முழுக் கதவையே கூடாரத்துக்குள் மறைத்துவிட்டார்கள். இத்தனை பேரில் இந்த ஒரு பிள்ளைதான் படித்திருக்கிறது. டீச்சர் சரி போட்டு, இரண்டு மார்க் கொடுத்து, பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். அவர் தன் உத்தியோகத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அது மூன்று நாள்கூட நிலைக்கவில்லை. தாள்களை மறுபடி சரிபார்ப்பது கழித்தல் சாரின் பொறுப்பு. அவர் அந்தத் தாளைத் தலைமையாசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"விடைக்குறிப்புல கதவுன்னு இருக்கு. நீங்க கதவு இல்லைன்னு எழுதினதுக்கு மார்க் போட்டிருக்கீங்க. நீங்களே இப்படிச் செய்யலாமா டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

"அந்தப் பொண்ணு எழுதினதுதான் சார் சரி."

"ஆதாரம்?"

"நான்தான் சார் ஆதாரம். அத வாய்க்கு வந்தபடி சொன்னது நான்தான். பொய் சார் அது."

தலைமையாசிரியர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலும் இறங்கிவிட்டது. "இன்னும் நாலு மாசம். கௌரவமாப் போய்ச் சேருங்க டீச்சர். இத வெளிய சொன்னா இந்தப் பள்ளிக்கூடத்துப் பேர் என்ன ஆகும்? குறிப்புல இருக்கிறதுதான் விடை. பூஜ்யம் போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

டீச்சர் சிவப்பு மையில் இரண்டை அடித்தார், பூஜ்யம் போட்டார், பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். 'மிக நன்று' என்பதையும் அடிக்கச் சொன்னார்கள். அதையும் அடித்தார்.

தாள் கொடுத்த அன்று அந்தப் பெண் மேசைக்கு வந்தாள். "டீச்சர், நான் எழுதினது தப்பா?"

அந்த ஒரு நிமிஷம் கையில் இருந்தது. சுற்றிலும் நாற்பது பிள்ளைகள் நின்றார்கள், வராந்தாவில் கழித்தல் சார் போய்க்கொண்டிருந்தார். "விடைக்குறிப்புல அப்படித்தாம்மா இருக்கு," என்றார் டீச்சர். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து டீச்சர் சாப்பிடவில்லை. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய வீட்டுக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நானும் முப்பது வருஷம் பஸ் சரியான நேரத்துக்கு வந்துச்சுன்னு எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன். விட்டுத் தள்ளு. உன்னுது நல்ல பொய்."

"உங்க பொய்ய யாரும் மனப்பாடம் பண்ணலையே," என்றார் டீச்சர். வீட்டுக்காரர் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

மறுநாள் டீச்சர் பாடநூல் அலுவலகத்துக்கு நடந்ததெல்லாம் எழுதி, என் பெயரைப் போட்டே திருத்துங்கள் என்று கேட்டுக் கடிதம் அனுப்பினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தகுந்த ஆதாரமின்றிப் பாடநூலில் திருத்தம் செய்ய இயலாது. மேற்படி செய்திக்கு ஆதாரம் ஏற்கெனவே ஆசிரியர் கையேட்டில் உள்ளது. டீச்சர் நூலகத்தில் தேடித் தூசி தட்டிக் கையேட்டை எடுத்துப் பார்த்தார். அடிக்குறிப்பில் இருந்த ஆதாரம், இதே பள்ளியில் ஓர் ஆசிரியை நடத்திய முன்மாதிரி வகுப்பு. அவரேதான்! அவர் சொன்னது பொய் என்பதற்கு அவர் வாக்கு செல்லாது; உண்மை என்பதற்கு மட்டும் செல்லும். செவிடன் காதில் ஊதிய சங்குகூடப் பரவாயில்லை, அவன் திருப்பி ஊதமாட்டான்.

இனி மிச்சம் இருந்தது பிரிவுபசார விழா ஒன்றுதான். அன்று எல்லாரும் இருப்பார்கள், பிள்ளைகள், வாத்தியார்கள், பெற்றோர், அந்தப் பெண். மைக்கில் சொல்லிவிடலாம் என்று டீச்சர் முடிவு செய்தார். என்ன பேச வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தார்.

விழா அன்று மண்டபத்து வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் கதவு இல்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து அதைக் கழற்றி மேடையில் படுக்கப் போட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணியும் விரித்திருந்தார்கள். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதன்மேல் உட்கார வைத்தார்கள். அந்தக் காலத்து முதல் பெஞ்சு வாயாடி, இப்போது காது ஓரம் நரைத்த பெண்மணி, "நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர்" என்று கண் கலங்கினாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தாழ்ப்பாள் டீச்சரின் தொடையில் குத்திக்கொண்டிருந்தது.

இருந்தும் அவர் சொன்னார். அந்த மட்டுக்கும் அவரைக் குறை சொல்ல முடியாது. மைக்கைப் பிடித்து, "அந்த மக்கள் அப்படிச் செஞ்சாங்கன்னு எங்கயும் கிடையாது. நானா கட்டிச் சொன்னது. கூடாரத்துல இருந்தவங்களுக்குக் கதவு ஏது? என்னை மன்னிச்சிருங்க," என்றார்.

தலைமையாசிரியர் சட்டென்று இன்னொரு மைக்கை எடுத்தார். "பாத்தீங்களா, போகும்போதும் நம்மள சிரிக்க வைக்கிறாங்க! இந்தத் தன்னடக்கம் யாருக்கு வரும்?" மண்டபம் சிரித்துக் கைதட்டியது. டீச்சர் திரும்பவும் பேச வாயெடுத்தார். பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து, பரிசாக வந்த சுவர்க்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது, அந்தத் தார்ப்பாய்க்காரர் மகள் ஆட்டோகிராப் நோட்டோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், முழுப்பரீட்சையில அதே கேள்வி வந்துச்சு. இந்தத் தடவை கதவுன்னே எழுதிட்டேன். வேற டீச்சர்தான் திருத்தினாங்க, ரெண்டுக்கு ரெண்டு!"

"நான் மேடையில சொன்னதக் கேட்டியாம்மா?"

"கேட்டேன் டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"உங்க அப்பா தைக்கிற கூடாரத்துக்குக் கதவு இருக்கா?"

"அது வேற டீச்சர். புத்தகம் போட்டவங்க உன்னவிட முட்டாளான்னு அப்பாவே திட்டினாரு."

டீச்சர் நோட்டை வாங்கினார். 'உன் பழைய விடைதான் சரி. உன்னிடம் தோற்றவள் நான்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு போய்விட்டது.

"டீச்சர், இத யாராவது பாத்தா என் மார்க்கக் குறைச்சிருவாங்களா?"

"மாட்டாங்கம்மா."

அவள் நன்றி சொல்லிவிட்டு நடந்தாள். மண்டபத்து வாசலில் இரண்டு பேர் கதவைத் தூக்கி நிறுத்திக் கீலில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டியதும் அவள் நின்று நோட்டைத் திறந்து, அந்த ஒரு தாளை மட்டும் ஓரம் பிசிறாமல் கிழித்தாள். டீச்சர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அவசரமாகக் கடிகாரத்தில் மணி பார்த்தார். அதற்கு இன்னும் பேட்டரி போடவில்லை.