தாய் வீடென்று நான் தட்டிய கதவு

எழுபதுகளின் ஆரம்பம் அது. இலங்கையில், நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டம். கடைகளில் மாவுக்கும் அரிசிக்கும் அடிபிடியாக இருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருசம்கூட முழுசாகவில்லை. வயது பதினைந்து, அதற்குள் நிறைமாதம்.

அப்படி என்ன அவசரம் என்று இப்போது என் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த நாளில் எங்கள் ஆட்களுக்கு எல்லாமே அவசரம்தான். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம், அப்பாவுக்கும் இந்தியா பாஸ்போர்ட் வந்துவிட்டது. வயசுக்கு வந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி, முன்பின் தெரியாத ஊரில் எங்கே போய் இறங்குவது என்று பயந்துபோனார். தூரத்து உறவில், இலங்கைப் பிரஜாவுரிமை இருந்த ஒரு குடும்பத்துப் பையனுக்கு என்னைக் கட்டிவைத்துவிட்டு, அம்மாவையும் தம்பிகளையும் கூட்டிக்கொண்டு பதுளையில் ரயில் ஏறிவிட்டார். இந்தியா போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்றே பேர் வைத்திருந்தார்கள். ஸ்டேசனே அழுதது. புதுச்சேலையும் தாலியுமாக நின்ற எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. விளையாட்டுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?

வயிற்றில் பிள்ளை தங்கியதும்தான் வினை ஆரம்பித்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும், மாமியார் வீட்டில் பார்த்தால் அந்த வீடு விளங்காது என்பது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம். என் மாமியார் அதில் ஒரே பிடி. "ஒங்க அம்மா இருந்தா ஏழாம் மாசமே கூட்டிட்டுப் போயிருக்கும். இப்ப நான் என்னடி செய்யிறது?" என்று என்னிடமே கேட்பார். நான் என்னத்தைச் சொல்ல? கடல் தாண்டிப் போனவளைக் கூப்பிட முடியுமா? ஒன்பதாம் மாதமும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனேன்.

ஒருநாள் மழைத் தூறலில், மலையில் நிற்கும்போதே இடுப்பு வலி எடுத்துவிட்டது. கங்காணி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். எந்த வீட்டுக்கு? மாமியார் சொன்னதே காதில் கிடந்தது. தாய் வீட்டில்தான். சரியென்று நான் தாய் வீட்டுக்கே போய்விட்டேன். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்த பழைய ஒற்றை அறைக் காம்பராவுக்கு. உள்ளே அம்மா இல்லை என்று தெரியும். ஆனாலும் போனேன். வேறு எங்கே போவதென்று எனக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்தது முன்பின் பார்த்திராத ஒரு பெண். வேறு தோட்டத்திலிருந்து அப்போதுதான் குடிவந்தவர். காய்ச்சலென்று அன்று வேலைக்குப் போகாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"யாரும்மா நீ? என்ன வேணும்?"

"இது எங்க அம்மா வீடு" என்றேன். 

காம்பராவுக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறேன் என்று ஒரு நொடி நினைத்தாராம். பிறகுதான் என் வயிற்றையும், சேலை நனைந்து காலில் தண்ணீர் வழிவதையும் பார்த்திருக்கிறார்.

"அம்மா வீடுன்னா உள்ள வர வேண்டியதுதானே? ஏன் மழையில நிக்கிற?" என்று கையைப் பிடித்து இழுத்து, தன் பாயில் படுக்க வைத்தார்.

தோட்டத்து மருத்துவச்சி வந்து பார்த்தார். இடுப்பு எலும்பே இன்னும் வளரவில்லை, பிள்ளை இறங்காது, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்றார். அந்த நேரத்தில் இருந்தது கொழுந்து லொறி ஒன்றுதான். ஆபீசில் கேட்காமல் எடுக்க முடியாது என்று டிரைவர் தயங்கினார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, வேலை போய்விடும். அந்தம்மா காய்ச்சலோடு ஓடிப்போய் லொறிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"எம்மக உசுரு போகுதுய்யா! ஏத்திக்கிட்டுப் போ, இல்ல எம்மேல ஏத்திட்டுப் போ!"

என் பேர்கூட அப்போது அவருக்குத் தெரியாது. பச்சைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் படுத்துக்கொண்டு, அவர் கையைக் கடித்துக்கொண்டே பதுளைக்குப் போய்ச் சேர்ந்தேன். யார் நீங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, தாய் என்று சொல்லிவிட்டார்.

நான் பிழைத்தேன். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. தலை நிறைய முடி. முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டினார்கள். காட்டாமல் விட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் பால் சுரந்துவிட்டது. பாழாய்ப் போன உடம்புக்கு, குடிக்கப் பிள்ளை இல்லை என்று யார் சொல்வது? மார் கல்லாகக் கட்டி, தொட்டாலே உயிர் போனது. அந்தம்மா டவுனில் மல்லிகைப்பூ வாங்கி வந்து, பால் வற்றுவதற்காக மாரில் வைத்துக் கட்டிவிட்டார். தலையில் பூ வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற வயசு எனக்கு. அந்த வாசம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. கல்யாண வீடுகளில்கூட ஒதுங்கித்தான் நிற்பேன்.

திரும்பி வந்ததும் அந்தக் காம்பராவிலேயே என்னை வைத்துக்கொண்டார். அவருக்கே சின்னப் பிள்ளைகள் உண்டு. கிடைக்கிற கொஞ்ச மாவில் ரொட்டி தட்டி, எனக்கும் ஒரு துண்டு பிய்த்து வைப்பார். ஒரு மாதம் போனதும் மாமியார் வந்து நின்றார்.

"பிள்ளதான் இல்லையே, பெறகு என்னத்துக்கு இங்க இருக்கா? அனுப்பி விடுங்க. அடுத்தது தங்குனா எல்லாஞ் சரியாப் போயிரும்."

நான் அந்தம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அந்தம்மா அசையவில்லை.

"தலப்பிரசவம் தாய் வீட்டுல பாக்கணும்னு சொன்னது நீங்கதானே? வலியோட அவ வந்தது இந்த வீட்டுக்கு. அப்ப நான்தான் தாய். தாய் வீட்டுலேருந்து எப்ப அனுப்புறதுன்னு தாய்தான் சொல்லணும். அதுவுஞ் சம்பிரதாயந்தானுங்களே?"

மாமியார் வந்த வழியே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் அந்தம்மாவிடம் ஒரு சாட்டு இருக்கும். ஆடி மாசம் அனுப்பக் கூடாது. புரட்டாசியில் ஆகாது. மார்கழியில் யாராவது பெண் அனுப்புவார்களா? எழுத்து வாசிக்கத் தெரியாத அந்த அம்மாவின் பஞ்சாங்கத்தில் நல்ல நாள் என்று ஒன்று வரவே இல்லை! என் புருசன் பாவம், அவரும் சின்ன வயசு. வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சாயத் தண்ணி குடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

எனக்கு உடம்பு தேறி, பதினேழு முடிந்த பிறகுதான் அந்தம்மா என்னை அனுப்ப நாள் பார்த்தார். அதற்கும் முன்னால் எங்கள் இருவரையும் மருத்துவச்சியிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, பிள்ளையைத் தள்ளிப்போடுவது எப்படி என்று சொல்ல வைத்தார். வெட்கத்தில் இவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல என்னய்யா இருக்கு? இங்க கேளு, ஒனக்குந்தான் சொல்றாங்க" என்று ஒரு அதட்டல். இருபது வயதில் எனக்கு மகள் பிறந்தாள். அந்தப் பிரசவத்துக்கும் அதே காம்பராவிலிருந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சில வருசத்தில் அந்தம்மாவுக்கும் பாஸ்போர்ட் வந்தது. மறுபடியும் அதே ஸ்டேசன். பெற்றவளுக்கு அழாத அழுகையை எல்லாம் அன்று அழுது தீர்த்தேன். பிறகு எந்தச் சேதியும் இல்லை. எந்த ஊரில் இருந்தாரோ, யார் கொள்ளி வைத்தார்களோ.

என் மகளுக்குப் பதினைந்து நடந்தபோது, நல்ல இடம் என்று ஒரு சம்பந்தம் வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சம்மதம். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "தலப்பிரசவம் பாக்க வேண்டியது தாய் வீடுங்க. அந்தத் தாய் நான். இப்ப எனக்குப் பாக்க ஏலாது. அவ வளரட்டும்" என்று சொல்லிவிட்டேன். வாயாடி என்று பேர் வாங்கினேன். மகள் தொடர்ந்து படித்தாள். அதற்குப் பிறகு லயத்தில் எந்தச் சின்னப்பெண்ணுக்குச் சம்பந்தம் வந்தாலும் கூப்பிடாமலே போய் நின்று கத்துவேன். அந்தக் கிழவி வந்துவிட்டாள் என்று முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். என் முதல் பிள்ளைக்கு ஒரு தரம் அழக்கூடக் கொடுத்து வைக்கவில்லை. அவன் அழ வேண்டிய சத்தத்தைத்தான் இத்தனை வருசமாக நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.