கருமரக் கதவில் பித்தளைப் பிடி

குறிப்பறிதல் என்னும் நற்குணம் அந்தத் தச்சருக்குக் கைவந்த ஒன்று. புதுப் பாணிச் சமையலறை ஒன்றில் கருமர அலமாரிகளைப் பொருத்தி முடித்திருந்தார். மாலை வெயில் மரத்தின் ரேகைகளில் மெல்ல நீந்தியது. வீட்டம்மா ஒரு கதவைத் திறக்கக் கை நீட்டினார். அவர் விரல்கள் கறுப்புக் கைப்பிடியைத் தேடிக் கனவில் போல அலைந்தன.

“என்ன, தடவிக் கொடுக்கிறே? பூனையா அது?” என்று கணவர் சிரித்தார்.

“மரம் அவ்வளவு வழவழப்புங்க” என்று வீட்டம்மாவும் சிரித்தார். தன் கண் மங்குவது தெரிந்தால் அடுப்பருகே விடமாட்டார்களே என்னும் அச்சம் அச்சிரிப்பில் நடுங்கியதைத் தச்சர் கண்டுகொண்டார்.

“தப்பு என்மேலதாம்மா. இந்தப் பிடி எனக்கே பிடிக்கல. நாளைக்கு மாத்திடறேன்.”

மறுநாள் கருமரமெங்கும் பித்தளைப் பிடிகள் ஒளிர்ந்தன. அலமாரிகளின் உட்புறமெல்லாம் வெண்மை பூசியிருந்தது. வீட்டம்மாவின் கை நேரே சென்று ஒன்றைப் பற்றியது. இருண்ட வானைத் திறந்து நிலவைக் கண்டவர்போல் அவர் நின்றார்.

“அண்ணே, உங்களுக்கு எப்படித் தெரி...”

“எதும்மா? முதல்ல நல்லதா ஒரு டீ போடுங்க” என்றார் தச்சர்.

பிறர் குறையைத் தம் பிழையென ஏற்ற அவர் இல்லத்தில் ஒளி குன்றாதிருக்க! அவர் மனைவி மக்கள் கண்ணொளியும் கைவளமும் பெற்று நெடிது வாழ்க!