திருஷ்டிப் பூசணிக்கு முகம் வரைந்த வெள்ளிக்கிழமை

வியாழன் காலை எழும்பூரில் ரயில் ஏறும்போது என் பையில் படம் வரைகிற புத்தகம் ஒன்றும் பென்சில்களும் புது ரப்பர் ஒன்றும் இருந்தன. பழைய ரப்பர் தேய்ந்தே போய்விட்டது. சிறுவர் கதைகளுக்குப் படம் போடுவது என் பிழைப்பு. பத்து மாதமாக ஒரு படம்கூட உருப்படியாக வரவில்லை. கையில் இருப்பது ஒரு குளத்துப் பூதத்தின் கதை. ஊரை மிரட்டக் கிளம்பி, ஒருவரும் மிரளாததால் உட்கார்ந்து அழுகிற பூதம். அதன் முகம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. திங்கட்கிழமைக்குள் முதல் படம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகப் பதிப்பாளர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இடம் மாறினால் கை வரும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்பிவிட்டேன். மயிலாடுதுறை தாண்டியதும் இரண்டு பக்கமும் குறுவைப் பயிர். வாய்க்கால் நிறையத் தண்ணீர். ஜன்னலோரம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தஞ்சாவூர்வரை வெறுமனே வேடிக்கை பார்த்தேன்.

பிற்பகல் இரண்டரைக்குத் தஞ்சாவூர். பெரிய கோயிலுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்த டிரைவர், இங்கே படம் வரைய நிறையப் பேர் வருவதாகவும் எல்லாருமே நன்றாக வரைவதாகவும் உற்சாகமாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கு வைக்கும்வரை பிராகாரத்துப் புல்தரையில் உட்கார்ந்திருந்தேன். விமானத்தின் ஒரு பக்கக் கோடு வந்தது, மறுபக்கம் சரியாக வரவே இல்லை. அழித்தேன். புது ரப்பர் அன்றைக்கே வேலைக்கு வந்துவிட்டது. விடுதி அறைக்குத் திரும்பி, சென்னையில் உட்கார்ந்து அழுதிருந்தால் ரயில் கட்டணமாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளி காலை ஆறு மணி பஸ்ஸில் கும்பகோணம், நாற்பது கிலோமீட்டர். பஸ் நிலையத்துக்கு எதிரே இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு காபி குடித்தேன். இந்தப் பயணத்தில் அதுவரை கொடுத்த காசுக்கு ஏமாற்றாத பொருள் அதுதான். அங்கிருந்து திருப்பனந்தாள் போகிற டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. வழியில் இருக்கும் ஒரு கிராமத்தில் என் தோழி மல்லிகா வீடு கட்டுகிறாள். சென்னை ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். கணவர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார், இங்கே செங்கல் முதல் சித்தாள்வரை எல்லாம் இவள் பொறுப்பு. இன்றைக்கு மாடித் தளத்துக்குக் கான்கிரீட். சாப்பிட வா என்று கூப்பிட்டிருந்தாள்.

ஒன்பது மணிக்குப் போய் இறங்கியபோது கலவை மெஷின் தயாராக நின்றது, ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதல் சட்டி கான்கிரீட் மேலே போவதற்குள் வீட்டின் முன்னால் முகம் வரைந்த பூசணிக்காய் தொங்க வேண்டும். போகிற வருகிறவர்களின் கண் வீட்டின்மேல் படாமல் அது வாங்கிக்கொள்ளும். வரைய வேண்டிய பெயின்டர் உறவில் ஒரு கல்யாணம் என்று போய்விட்டார். பத்தரைக்கு ராகு காலம்.

மல்லிகா கறுப்புப் பெயின்டையும் பிரஷையும் என் கையில் திணித்தாள். "நீதான் படம் போடுறவளாச்சே. போடுடி."

பத்து மாதக் கதையை அவளிடம் எப்படிச் சொல்வது? உட்கார்ந்தேன். வெண்பூசணியின் சாம்பலைத் துடைத்து, அளவு பார்த்து, கண், வளைந்த புருவம், முறுக்கிய மீசை என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. பரவாயில்லையே என்று எனக்கே ஒரு சின்ன சந்தோஷம்.

மல்லிகா இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "என்னடி இது, மாப்பிள்ளை மாதிரி இருக்கான்? இவனைப் பாக்கவே கூட்டம் கூடும். அப்புறம் இவனுக்கு ஒரு பூசணிக்கா கட்டணும்."

சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவரும், "பல்லே இல்லைங்களே," என்று வருத்தப்பட்டார். மேஸ்திரி மணியைப் பார்த்தார். பத்து பத்து.

பெயின்டை அழிக்க முடியாது, வேறு பூசணியும் இல்லை. காயை மறுபக்கம் திருப்பினேன். ஒரு கண்ணைப் பெரிதாகவும் மற்றதைக் கன்னத்துக்கு இறக்கியும் போட்டேன். பல்லைக் கண்டபடி இழுத்தேன். நாக்குக்குச் சிவப்பு கேட்டதும் யாரோ ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பெயின்டைக் கொடுத்தார்கள். அது வழிந்து தாடையில் சொட்டியது. நான் அதைத் துடைக்கவில்லை. சித்தாள் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்து கை ஆட, மூக்கு காதுப்பக்கம் போய்விட்டது. "இன்னும் கோரமா," என்றாள் மல்லிகா. இந்த மாதிரி உத்தரவு என் தொழிலில் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. பத்து இருபத்தைந்துக்குப் பூசணி தொங்கியது, அழகான முகம் வீட்டைப் பார்த்து, கோரமான முகம் ரோட்டைப் பார்த்து.

அண்ணாந்து பார்த்தேன். மிரட்டப் பார்த்து முடியாமல் அழுகிற முகம். என் பூதம் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிமென்ட் தூசி என்று மல்லிகாவிடம் சொன்னேன்.

மதியம் எல்லாருக்கும் வடை பாயசத்தோடு சாப்பாடு. ராத்திரி அங்கேயே தங்கி, சனிக்கிழமை கும்பகோணத்தில் ரயில் ஏறினேன். சீர்காழி வருவதற்குள் பூதம் குளக்கரையில் உட்கார்ந்துவிட்டது. ரயில் ஆட்டத்தில் கோடெல்லாம் கோணல். சென்னையில் என் மேஜை ஆடுவதே இல்லை, அங்கே வரைந்தவை எல்லாம் செத்துக் கிடந்தன. போட்டோ எடுத்து மல்லிகாவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் செய்தாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "போறவன் வர்றவன்லாம் வண்டிய நிறுத்தி உன் பூசணிக்காயப் பாத்து சிரிச்சிட்டுப் போறான்டி. வீட்ட ஒருத்தன் நிமிந்து பாக்கல."

போனை வைத்துவிட்டு இரண்டாம் படத்தை ஆரம்பித்தேன். ரப்பர் பைக்குள்ளேயே கிடந்தது.