கொள்ளுப் பையும் மாத்திரையும்

என் மேசை இழுப்பறையில் ஒரு துணிப்பை கிடக்கிறது. உள்ளே கொள்ளு. மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் இயன்முறை சிகிச்சை பார்க்க நான் சேர்ந்த புதிதில், சாலைக் கடைத்தெருவில் தானியக் கடை வைத்திருந்த அண்ணாச்சி தைத்து வரச் சொன்னது. புற்று அவருடைய முதுகெலும்பு வரை வந்திருந்தது. குணமாகாது என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டதெல்லாம், ஒரு காலை வேளை கடை முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வியாபாரம் பார்க்க வேண்டும் என்பதுதான்.

படித்ததையெல்லாம் உடனே செய்து பார்த்துவிடும் வேகம் எனக்கு. முட்டிக்கடியில் தலையணை, மூச்சுப் பயிற்சி, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இறுகிய தோளுக்கு அரிசிப் பையால் சூடான ஒத்தடம். பையைத் தடவிப் பார்த்தவர், “இந்த நொய்யக் கட்டிக்கிட்டு வந்திருக்கியே பிள்ள, இதுல சூடு நிக்குமா? கொள்ளு போடு” என்றார். போட்டேன். வலிக்கு நன்றாகவே கேட்டது. அதில்தான் வினை. சில நாளில் புரண்டு படுக்கக்கூட முடியாமல் துடித்தார். தலையணை உறையை மாற்றிய மலையாளி சிஸ்டரின் காலடியில் வலி மாத்திரைகள் உருண்டன.

“எந்தா அண்ணாச்சி இது? மார்ஃபின் ஆணல்லோ!”

“ஒத்தடமே கேக்குதுல்லா சிஸ்டர். இதக் கடைக்குப் போற அன்னைக்குன்னு எடுத்து வச்சேன். இப்பவே தின்னு பழகிட்டா அப்புறம் கேக்காதுல்லா?”

சரக்கை இருப்பு வைக்கிற குணம் படுக்கையிலும் போகவில்லை. வலி கூடினால் அளவையும் கூட்டலாம், மருந்து கைவிடாது என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு மாத்திரையைத் தள்ளி வைத்தார். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“உங்க கடையில அரிசி மூட்டைய ஒத்த ஆளா லாரியில ஏத்துவாங்களா அண்ணாச்சி?”

“இடுப்பு ஒடிஞ்சிரும். ரெண்டு பேரு பிடிக்கணும்.”

“அப்ப வலிக்கு மட்டும் எதுக்கு ஒத்த ஆளு?”

“வாயாடி” என்றார். பிறகு மாத்திரை போடத் தண்ணீர் கேட்டார்.

அதன்பின் மாத்திரை வேளை தவறவில்லை. கடைக்குப் புறப்படுமுன் மருத்துவர் சொன்ன கூடுதல் மருந்து, தோளில் சூடான கொள்ளுப் பை, ஆட்டோவில் பக்கத்தில் நான். முக்காலியில் உட்கார்ந்ததும் துவரம்பருப்பை அள்ளிப் பார்த்து, “கல்லு கிடக்குலே, கண்ண எங்க வச்சிருந்த?” என்று மகனைப் பிடித்துக்கொண்டார். தெருவே கேட்டது. நடுவில் ஒருமுறை முகம் சுருங்கியது. நான் பழக்கியபடி மூச்சை மெல்ல விட்டார். விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தார்.

அண்ணாச்சி இன்று இல்லை. காலையில், புதிதாகச் சேர்ந்த நோயாளியான மலையாளச் சேச்சி ஒருவர், நான் பையைத் தோளில் வைத்ததும், “இது மதி மோளே, குளிக வேண்டா” என்று, ஒத்தடமே போதுமென மாத்திரையைத் தள்ளினார். “ரெண்டு பேரு பிடிக்கணும் சேச்சி” என்றேன். புரியாமல் பார்த்தார். அண்ணாச்சியின் முக்காலியிலிருந்து கதையை ஆரம்பித்தேன். பை ஆறுவதற்குள் மாத்திரை உள்ளே போயிருந்தது.