எட்டுப் பேர் வேலை

போன வாரம் மச்சினனைச் சென்னைக்கு ஏத்திவிட மதுரை ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தேன். பெருங்குடி தாண்டினதுமே அந்த வாசம் வந்துருச்சு. விமானத்துக்கு ஊத்துற எண்ணெய் வாசம்; நம்ம ரேஷன் மண்ணெண்ணெய்க்குப் பணக்காரச் சொந்தம்னு வச்சுக்கங்க. மச்சினன் மூக்கைப் பொத்தினான். நான் நல்லா இழுத்து மோந்தேன். பதினாலு வருசம் அந்த வாசத்துலதான் சோறு தின்னேன்.

லோடர் வேலை. பெட்டியை ஏத்துறது, பெட்டியை இறக்குறது, அம்புட்டுத்தான். பொண்ணு பார்க்கப் போன வீட்டுல மட்டும் "விமானக் கம்பெனியில இருக்கேன்"னு ஒரு இழுப்பு இழுத்தேன். பொண்ணோட அம்மா என்னைப் பைலட்டுன்னே நினைச்சு ரெண்டாந்தடவை கேசரி வச்சாங்க. நானும் திருத்தலையே! இன்னைக்கு வரைக்கும் வீட்டுல அதைச் சொல்லிக்காட்டுறா.

எங்க கேங்குல எட்டுப் பேர். தலை பாண்டி, திருமங்கலத்துக்காரன். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. ரெண்டு காத்தாடி வச்ச சின்ன விமானம் இருக்கே, அதுல வால் பக்கம் பாரத்தை மொதல்ல அடைச்சா மூக்கைத் தூக்கிக்கிட்டு பின்னாடி உக்காந்துரும். எந்தப் பெட்டி முன்னாடி, எது பின்னாடின்னு கையில தூக்கும்போதே பாண்டி சொல்லிருவான். எங்கள்ல யார் வீட்டுல விசேசம்னாலும் டூட்டி இல்லாதவன் அத்தனை பேரும் போயி நிப்போம். அண்டா, குண்டான், சேர், மேசை எல்லாத்துக்கும் நாங்கதான். சமையக்காரர் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்ப்பார்.

அப்பத்தான் எங்க கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் ஒண்ணாச்சு. அந்தக் கம்பெனியில லோடிங் பூராம் காண்ட்ராக்ட்டுன்னு ஊருக்கே தெரியும். எங்க வேலையும் அப்படித்தான் போகும்னு பேச்சு கிளம்பிருச்சு. மேலிடத்துலருந்து ஒரு மேனேஜர் வந்தாரு. பஜ்ஜி, டீயெல்லாம் குடுத்து மீட்டிங் போட்டாரு. எங்க சங்கத்துச் செயலாளர் ஜெகந்நாதன் அண்ணே எந்திரிச்சாரு. டிக்கெட் கவுண்டர்ல வேலை, சௌராஷ்டிராக்காரர். கோவம் வந்தா அவுக வீட்டுப் பாசையிலதான் திட்டுவாரு. யாருக்கும் புரியாததால யாரோடயும் சண்டை வந்ததில்ல. அன்னைக்கு நல்லாப் புரியுற தமிழ்லயே கேட்டாரு.

"சார், லோடிங்கைக் காண்ட்ராக்ட்டுக்கு விடப்போறீங்களா இல்லையா? எங்க சங்கத்தோட பேசுவீங்களா மாட்டீங்களா?"

மேனேஜர் நெஞ்சுல கையை வச்சாரு. "ஒரு ஆளைக்கூட வெளிய அனுப்ப மாட்டேன். இது குடும்பம். குடும்பத்துக்குள்ள சங்கம் எதுக்கு?"

"அப்ப அதை எழுதிக் குடுங்க சார்."

"என் வார்த்தை போதாதா?"

கைதட்டினோம். நானும்தான், பஜ்ஜி எண்ணெய்க் கையோட. அப்புறம் மேனேஜர் சொன்னாரு, புதுக் கம்பெனியில உங்களுக்கு என்ன கிரேடு குடுக்கிறதுன்னு முடிவு பண்ணணும், நீங்க செய்யுற வேலையை ஒண்ணு விடாம எழுதிக் குடுங்கன்னு.

"ஒரு வரி எழுதாதீங்கப்பா. மொதல்ல அவரு எழுதட்டும்"னு ஜெகந்நாதன் அண்ணே தலையால அடிச்சுக்கிட்டாரு. யார் கேட்டா? நம்ம பெருமையை எழுதச் சொல்றாங்க, கசக்குதான்னு நான்தான் எல்லாரையும் சரிக்கட்டினேன். கேங்குலயே என் கையெழுத்துதான் அழகு. உக்காந்து பதினோரு பக்கம் எழுதினேன். பாண்டி சொல்லச் சொல்ல அவன் கையில இருந்த சூட்சுமம் பூராம் பேப்பருக்கு வந்துருச்சு. கடைசியில மீசையைத் தடவிக்கிட்டே சொன்னான்: "இதையும் எழுது மாப்ள. எட்டுப் பேர் வேலைதான், ஆனா நம்ம பயலுக அஞ்சு பேர் இருந்தாலே அசால்ட்டா முடிச்சிருவானுக."

மதுரைக்காரன் வாய்க்கொழுப்பு. நான் எழுதினதோட விடல, ஸ்கேலை வச்சுக் கீழ கோடும் போட்டேன்.

ரெண்டே மாசம். காண்ட்ராக்ட் ஆளுங்க வந்துட்டாங்க. அஞ்சே பேர். அவுங்க கையில என் பதினோரு பக்கத்தோட ஜெராக்ஸ். நான் போட்ட கோடு அப்படியே விழுந்திருந்துச்சு. எங்க கேங்குக்கு அசாம் பக்கம் மாறுதல் உத்தரவு. "யாரையும் வெளிய அனுப்பலையே, இடம்தானே மாத்தியிருக்கோம்"னு மேனேஜர் போன்ல சொன்னாராம். பக்கவாதத்துல படுத்துக்கிடந்த அம்மாவை விட்டுட்டுப் பாண்டி அசாமுக்கா போவான்? வேலையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போனான். மத்தவங்களும் ஒவ்வொருத்தரா அப்படித்தான்.

உத்தரவுல என் பேர் மட்டும் இல்ல. புதுப் பயலுகளுக்குச் சொல்லிக்குடுக்க ஒரு சூப்பர்வைசர் வேணுமாம். சங்கத்துலருந்து விலகுறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டா போதுமாம். போட்டேன். கட்டாயப்படுத்தினாங்கன்னு சொல்லலாம், பொய். கேட்டாங்க, போட்டேன்.

ஒருநாள் மத்தியானம் பாண்டி கேட்டுக்கு வந்து நின்னான். உள்ள விடமாட்டாங்க, பாஸ் போயிருச்சே. கம்பிக்கு அங்கிட்டு நின்னே கேட்டான்.

"அஞ்சு பேர் போதும்னு சொன்னதே நான்தானடா. அந்த அஞ்சுல எனக்கு ஒரு எடம் கேளுடா மாப்ள."

"இரு, கேட்டுட்டு வாரேன்"னு உள்ள போனேன். யார்கிட்டயும் கேக்கல. கக்கூஸுக்குள்ள கொஞ்ச நேரம் நின்னேன், தண்ணி குடிச்சேன், சாயங்காலம் சரக்கு வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டேன். எம்புட்டு நேரம் நின்னான்னு வாட்ச்மேன்கிட்ட விசாரிக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்ல. நாலு வருசம் கழிச்சு என் வேலையும் போச்சு. அதுக்கு யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

இந்த ஆவணியில பாண்டி மக கல்யாணம். பழைய கேங்குல எல்லாருக்கும் பத்திரிகை வச்சிருந்தான், எனக்கு வைக்கல. நானா இருந்தாலும் வைக்க மாட்டேன். இருந்தும் வெக்கங்கெட்டுப் போனேன். மண்டபத்து வாசல்ல ஜெகந்நாதன் அண்ணே நின்னுக்கிட்டிருந்தாரு. என்னைப் பார்த்ததும் செல்லை எடுத்துக் காதுல வச்சுக்கிட்டாரு. உள்ள கேங்கு ஆளுக அத்தனை பேரும் பந்தி பரிமாறிக்கிட்டிருந்தானுக. கை பரபரத்துச்சு, ஒரு சாம்பார் வாளியைத் தூக்கப் போனேன். பாண்டி வந்து என் கையிலருந்து வாளியை மெதுவா வாங்கினான்.

"நீங்க உக்காருங்க சார்."

பக்கத்துல இருந்த சம்பந்தி, "யாரு சம்பந்தி இவரு?"ன்னு கேட்டாரு.

"கம்பெனிக்காரரு"ன்னு சொன்னான் பாண்டி. சொல்லிட்டு எனக்கு இலையைப் போட்டு, தண்ணி தெளிச்சு, மரியாதையா நின்னு சாப்பிட வச்சு அனுப்பினான்.