புதன்கிழமைக்குள் ஒரு சவரக்கத்தி

துருப்பிடித்த சவரக்கத்தியைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்ட மகானுபாவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் படிக்கிறவர்கள் என்மேல் வைத்த மதிப்பு சரியும். இப்போதே சொல்லிவிட்டால் சரிவதற்கு ஒன்றும் இருக்காது. எங்கள் வீட்டில் குத்துவிளக்கோ செப்புக்குடமோ பஞ்சபாத்திரமோ, எது மங்கினாலும் புளிதான் மருந்து. எஃகுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று நினைத்தேன். தனிச் சட்டம்தான்.

கத்திகள் என் மாமனாருடையவை. துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் கப்பல்காரர்களிடம் ஒவ்வொன்றாகப் பேரம் பேசிச் சேர்த்தவை. பிடிக்குள் மடங்குகிற பழைய ஆறு கத்திகள். பம்பாயில் உஸ்தரா என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அவற்றை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தினமும் தானே சவரம் செய்துகொண்டவர் அவர். மாதுங்காவில் அவர் இருந்த கட்டடத்தை இடித்துக் கட்ட ஆரம்பித்தபோது, அவரும் மாமியாரும் செம்பூரில் எங்களுக்கு அடுத்த கட்டடத்துக்கு வாடகைக்கு வந்தார்கள். சாமான் இறக்கிய அவசரத்தில் கத்திப் பெட்டி பரணுக்குப் போனது. பரணுக்கு மேலே மாடி வீட்டுக் குழாய். அந்தக் குழாய்க்கு மழைக்காலம், வெயில்காலம் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது, எப்போதும் ஒழுகும்.

கத்திகளில் துரு ஏறிய அன்று முதல் அவருக்குப் பிளாஸ்டிக் ரேஸர். “இது க்ஷவரமா? கேரட் சீவறா மாதிரி இருக்கு” என்று தினமும் காலையில் கண்ணாடியிடம் முறையிடுவார்.

அவருக்கு எண்பது நிறைந்து சதாபிஷேகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்தார்கள். “அன்னிக்காவது என் கத்தியால ஒட்ட க்ஷவரம் பண்ணிண்டு மணையில உட்காரணும்” என்று மகளிடம் சொன்னார். கவனிக்கவும், மகளிடம். நடுவில் பாய்ந்தவன் நான்.

“அப்பா, நான் சரி பண்ணித் தரேன்!”

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா?”

அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. நான் ரிப்பேர் செய்த மிக்சி இன்றைக்கும் சில சமயம் யாரும் ஸ்விட்ச் போடாமலே ஓடும்.

எங்கள் வீட்டுப் பால்கனியில், மாமனாரும் மாமியாரும் வந்து பார்க்க, பேப்பரை விரித்துக் கத்திகளை வரிசையாக வைத்தேன். ஸ்டாம்ப் பார்க்கிற பூதக்கண்ணாடி, டார்ச், மூக்கில் கண்ணாடி, அதற்குமேல் இன்னொரு கண்ணாடி. வீடியோ பார்த்துக் கற்றவனின் கர்வம் இருக்கிறதே, அதற்கு எந்த டாக்டரும் ஈடாக மாட்டார். முதல் கத்தியின் வெட்டும் வாயில் முடி மாதிரி ஒரு விரிசல். முகத்துக்கு ஆகாது, தள்ளு. இரண்டாவது தீட்டித் தீட்டியே ஒல்லியாகிப் போனது. மூன்றாவதில் துரு ஊசிக்குழியாக உள்ளே இறங்கியிருந்தது. நான்காவதின் ஆமையோட்டு நிறப் பிடியைத் தேய்த்தால் கற்பூர வாசனை வந்தது.

“பூஜை டப்பால யாரு கத்தியை வச்சது?” என்றார் மாமியார்.

“இல்லம்மா, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கைக் கற்பூரம் சேர்த்துத்தான் பண்ணுவா. தீப்பட்டா குபுகுபுன்னு எரியும்.”

“அப்போ தட்டுல வச்சுக் கொளுத்துங்கோ, ஆரத்தியாவது ஆகட்டும்.”

ஐந்தாவதின் பிடியில் ஆணி ஆடியது. ஆறாவதை எடுத்தபோதுதான் எனக்கு மூச்சு முட்டியது. எலும்புப் பிடி, அகலமான அலகு, அதில் துருவுக்கு அடியில் ஏதோ சித்திரம். அலகை நகத்தால் சுண்டினேன். ணிங்ங் என்று நீளமாக ஒரு நாதம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.  மாமனாரின் கை தானாக நீண்டு அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தது. முடிவாகிவிட்டது, இதுதான்.

அதைத்தான் ஆபீஸ் போகிற அவசரத்தில் புளியில் போட்டேன். சாயங்காலம் எடுத்தால் துரு போயிருந்தது. கூடவே பளபளப்பும் போய், அலகு அடிப்பிடித்த தோசைக்கல் மாதிரி கறுத்திருந்தது. சித்திரம் ஒரு பாய்மரக் கப்பல். பாய்கள் இருந்தன, கப்பலின் அடிப்பாகத்தைப் புளி தின்றுவிட்டது. வாயோ எலி கடித்த அப்பளம்.

“ஏன்னா, திரி போட்டு ஏத்தலையா?” என்றாள் என் மனைவி.

மாமனார் வந்து பார்த்தார். கப்பலைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஞாயிறு வரை நாள் இருக்கிறது, தேய்த்துச் சரிசெய்யலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதலும் மாமியார் காலண்டர் முன்னால் போய் நிற்கும்வரைதான்.

“ஞாயித்துக்கிழமை அவரோட ஜன்ம நக்ஷத்திரம். அன்னிக்குக் கத்தியே படப்படாது. மத்த வாரம் எப்படியோ, சதாபிஷேக வாரத்துல சனி கூடாது. வெள்ளி கூடவே கூடாது. வியாழன் ஏகாதசி. புதன்கிழமை பண்ணிண்டாத்தான் உண்டு.”

“அப்போ ஞாயித்துக்கிழமை போட்டோல அப்பா நாலு நாள் தாடியோடயா?” என்று மனைவி அலறினாள்.

மாமனார் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: “அந்தக் கத்தியால ஒட்ட எடுத்தா, நாலு நாள் ஆனாலும் தெரியாது. கேரட் சீவினா தெரியும்.” பிறகு தலை தூக்கி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. புதனுக்குள் முடியுமா என்று அவர் கேட்கத் தயங்குவது அந்தப் பார்வையில் தெரிந்தது. 

அவருடைய பழைய தோல்வார் பூஞ்சை பிடித்துப் பாழாகியிருந்தது. தோல்வாரில் இழுக்காவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் கத்தி முகத்தைப் பிறாண்டும். ஆட்டோ பிடித்துத் தாராவித் தோல் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர்.

“பெல்ட்டுக்கா சார்? இடுப்பு என்ன சைசு?”

“இடுப்புக்கு இல்லீங்க. கத்தி தீட்ட.”

அவர் என் தோளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். “என்ன கத்தி சார்?”

“சவரக்கத்தி. மாமனாருக்கு.”

“மாமனாருக்கு மருமவன் கத்தி தீட்டுதாரா! நல்ல குடும்பம்.” சிரித்துக்கொண்டே வழவழவென்று ஒரு நீளத் துண்டை வெட்டினார். “ரெண்டு ஓட்ட போட்டுத் தாரேன் சார். சவரம் இல்லாத அன்னைக்கு இடுப்புல கெட்டிக்கிடலாம்.” என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொண்டார்: “வேண்டாம், இது எட்டாது.”

அப்புறம் தேய்த்தேன் பாருங்கள். சமையல் மேடையில் தீட்டுக்கல்லை வைத்து, தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படும்படி போகவும் வரவும். முதலில் சொரசொரப்பான கல். எலி கடித்த பல்லெல்லாம் கரைந்து கறுப்புச் சாந்தாக வழிந்தது. அடுத்து வழவழப்பான கல், பிறகு அதைவிட வழவழப்பானது. கறுத்த அலகுக்கு அடியிலிருந்து ஒரு கோடு மட்டும் வெள்ளியாக எழுந்து வந்தபோது நான் சமையலறையில் ஆடிய ஆட்டத்தில் தோசைமாவுப் பாத்திரம் தப்பியது பெருமாள் செயல்.

கூர்மையை முன்கை முடியில்தான் சோதிக்க வேண்டும். சோதித்தேன், சோதித்தேன், சோதித்துக்கொண்டே இருந்தேன். ஹார்பர் லைன் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபோது, பக்கத்தில் நின்றவர் என் கையில் திட்டுத் திட்டாக வழுக்கை விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “டாக்டர் கோ திகாயா க்யா?” என்று, டாக்டரிடம் காட்டினேனா என விசாரித்து, நாசூக்காகக் கொஞ்சம் தள்ளி நின்றார். அந்த நேரத்து ரயிலில் தள்ளி நிற்க இடம் கிடைப்பதே அதிசயம். ஜன்னல் சீட்டே கிடைத்துவிடும் போலிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். தோல்வாரில் கடைசியாக இழுத்தபோது சத்தம் மாறியது. அதுவரை சரக் சரக் என்றிருந்தது, இப்போது சேலை சரசரக்கிற மாதிரி மெல்லிசாக. ஒரு கையில் முடி தீர்ந்துவிட்டதால் மறுகையை நீட்டினேன். கத்தி தோலைத் தொடவே இல்லை. முடி தானாக உதிர்ந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மராட்டி மாமி கதவைத் திறந்து, மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார்.

புதன்கிழமை காலை மாமனார் தன் வீட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோளில் துண்டு, எதிரே கண்ணாடி, முகம் நிறைய நுரை. நான் இரண்டு கையாலும் கத்தியை நீட்டினேன். அவர் விரித்தார். பாய் மட்டும் மிச்சமிருந்த கப்பலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கத்தி காதோரம் போய் உட்கார்ந்தது. கீழே இறங்கியது. மாமியார் உள்ளே ஸ்லோகத்தை நிறுத்தினார். மனைவி கையில் பஞ்சும் டெட்டாலும் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நுரை ஒதுங்கிய இடத்தில் கன்னம் குழந்தைக் கன்னமாக இருந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை. அவர் புறங்கையால் மேலிருந்து கீழே தடவினார். பிறகு கீழிருந்து மேலே. கண்ணை மூடிக்கொண்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. “அப்பா, எப்படி இருக்கு? இழுக்கறதா? எரியறதா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமா? நன்னா இருக்கோல்லியோ?”

அவர் கண்ணைத் திறந்து கத்தியைத் துண்டில் துடைத்தார்.

“பேசாம இருங்கோ, இன்னொரு கன்னம் பாக்கி இருக்கு.”